துண்டுக்கு அடியில்

முதலில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே இருக்கும் குழியில் ஆரம்பித்துத் தொடை வரைக்கும் ஒரு முடி இருக்கக்கூடாது என்று சொல்லி நர்ஸ் ட்ரிம்மரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் பேரில் தப்பில்லை. அவள்தான் செய்ய வந்தாள். மாமா போர்வையைத் தாடை வரைக்கும் இழுத்துக்கொண்டு, "அம்மணி, நீ எம் பேத்தியாட்டம் இருக்கற, போயி வேற சோலியப் பாரு சாமி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆண் ஊழியர் வேறு வார்டில் இருக்கிறாராம், அவர் வருவதற்குள் தியேட்டரிலிருந்து கூப்பிட்டுவிடுவார்களாம், இன்றைக்கு இரண்டாவது ஆபரேஷன் இவருடையதுதான். "நீங்க பையனா?" என்று என்னைக் கேட்டாள். "மாப்பிள்ளை" என்றேன். "அப்ப நீங்களே எடுத்துவிட்டுடுங்க" என்றாள், ஏதோ பையனைவிட மாப்பிள்ளைக்குத்தான் இது பொருத்தமான வேலை என்கிற மாதிரி. எந்த ஊர்ப் பெண்ணோ, எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நான் போனால் எழுந்து நிற்பார், சொம்பில் தண்ணீர் அவர் கையால் வரும், நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவருக்குத் தட்டு. தோட்டத்தில் வெறும் மேலோடு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாலும் என் வண்டிச் சத்தம் கேட்டதும் துண்டை எடுத்து மேலே போர்த்திக்கொண்டுதான் திரும்புவார். அந்த உடம்பு இப்போது ஜன்னல் வெளிச்சத்தில், காலை நேரத்தில், என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது. "உங்க கையில போயி இதையெல்லாம்... ஆகாதுங்க மாப்ளே" என்கிறார். "ஆஸ்பத்திரியில மொறையெல்லாம் பாக்க முடியாதுங்க மாமா" என்கிறேன். தன் துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொள்கிறார். "நீங்க பாருங்க மாப்ளே. நான் பாக்கல" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது. சிரிப்பு வருகிறது எனக்கு, சிரித்தால் கை ஆடும், அடக்கிக்கொண்டு ட்ரிம்மரைப் போட்டேன்.

வண்டு மாதிரி முரல்கிறது அது. நெஞ்சு முடி வெளுத்துப்போய் அடர்த்தியாக இருக்கிறது, கொத்துக் கொத்தாக விரிப்பில் உதிர்கிறது. தோல் தளர்ந்திருப்பதால் இடது கையால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பிடித்தால் உள்ளங்கைக்குக் கீழே இதயம் அடிக்கிறது. ஒழுங்காகத்தான் அடிக்கிறது, தனக்கு ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி. மோட்டாரில் கோளாறு இல்லை என்று நான்தானே அவருக்குச் சொன்னேன். எனக்குக் குடிநீர் வாரியத்தில் உத்தியோகம், ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை, வால்வு என்றால் நாலு விஷயம் தெரியும். அதனால் டாக்டர் சொன்னதையெல்லாம் குடும்பத்துக்கு விளக்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. மோட்டாரு நல்லாத்தான் இருக்குதுங்க மாமா, வெளிய போற வால்வுல சுண்ணாம்பு கட்டிப்போச்சு, முழுசாத் தெறக்கமாட்டீங்குது, மோட்டாரு தம் கட்டித் தள்ளியும் மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறல, அதுதான் உங்களுக்குத் தலை சுத்துது என்றேன். கட்டுத்தறியில் மயங்கி விழுந்து மாட்டுக் காலடியில் கிடந்த மனிதர் அதைக் கேட்டதும் தெளிந்துபோனார். "அப்ப வால்வ மாத்துனா மேட்டுத் தெருவுக்கு ஏறிருமுங்களா?" ஏறிருமுங்க. "புது வால்வு எதுல பண்ணுனதுங்க?" அங்கேதான் என் நாக்கு வழுக்கியது. ரப்பர் மாதிரி ஒரு சாமானுங்க மாமா, வெளிநாட்டுது என்றேன். அவரும் சரியென்று தலையாட்டினார், மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று. நான் சொல்லி அவர் எதை நம்பாமல் இருந்திருக்கிறார்?

ரப்பர் இல்லை. டாக்டர் தன் அறையில் வைத்து என்னிடம் மட்டும் தெளிவாகச் சொன்னார். இரும்பில் ஒன்று உண்டு, ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. தோட்டத்தில் தனியாக இருக்கிறவர், முள்ளும் கொம்புமாகப் புழங்குகிறவர், இவருக்கு அது ஒத்துவராது. இன்னொன்று, மாட்டின் இதயத்தைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கும், அதில் தைத்துப் பண்ணுவது. இந்த வயசுக்கு அதுதான் நல்லது, பத்துப் பதினைந்து வருஷம் தாங்கும் என்றார். சாதாரணமாகச் சொன்னார், கடையில் சட்டைத் துணியை எடுத்துக் காட்டுகிற மாதிரி. நானும் சாதாரணமாகத்தான் சரி என்றேன். வெளியே வந்து லிஃப்டுக்கு நிற்கும்போதுதான் மாடு என்கிற சொல் எனக்குள் இறங்கியது. சிந்தாமணியிடம் சொன்னேன். என் மனைவி சாமானியமாக அதிர மாட்டாள், அன்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா எந்திரிச்சு பஸ் ஏறிருவாரு. எங்கப்பனை எனக்குத் தெரியும்" என்றாள். எனக்கும் தெரியும். பஸ் ஏறினால் ஒரு வருஷமோ, அதுகூட இல்லையோ, டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அதனால் ரப்பர் ரப்பராகவே இருந்துவிட்டது. இப்போது அவள் கீழே ரத்த வங்கியில் இருக்கிறாள், ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து வந்த பங்காளிகளோடு. நான் இங்கே ரப்பர் வைக்கப்போகிற இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன்.

"சுழி இருக்குதுங்களா?" என்கிறார் துண்டுக்குள்ளிருந்து. நெஞ்சு நடுவில் முடி வட்டமாகத்தான் சுற்றியிருக்கிறது, இருக்குதுங்க என்கிறேன். "நடு நெஞ்சுச் சுழி. மாடா இருந்தா வெல கொறைச்சிருப்பனுங்க." மாட்டுத் தரகர் புத்தி. மாமா பேர் சென்னியப்பன்; சந்தையில் சென்னியப்பன் துண்டுக்குள் கை வைத்தால் பேச்சு நேராக இருக்கும் என்பார்கள். அந்த வழக்கத்தை நான் அவரிடம்தான் பார்த்தேன்: வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரும் புதிருமாக நிற்பார்கள், கை மேல் துண்டு விழும், உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை. ஒரு விரல் என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு, கை முழுசும் என்றால் ஐந்து. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு முகமும் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். ஒத்துப்போனால் உள்ளங்கையை உள்ளங்கையோடு சேர்த்து ஒரு அழுத்து, அவ்வளவுதான், படிந்துவிட்டது, அதற்கப்புறம் எந்தக் கடவுள் வந்தாலும் மாற்ற முடியாது. அழுத்தாமல் கையை எடுத்துவிட்டால் படியவில்லை, மாடு வீட்டுக்கு நடையைக் கட்டும். சிந்தாமணி சின்னப் பிள்ளையில் சந்தைக்கிழமை பொழுது சாய வேலிப் படலோரம் ஒரு கல்லின்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருப்பாளாம், மண் தடத்தைப் பார்த்துக்கொண்டு. அப்பன் தனியாக வந்தால் அழுகை. அப்பனுக்குப் பின்னால் மாடு அசைந்து அசைந்து வந்தால் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வாளாம். விற்காமல் வந்த மாட்டைப் பார்த்து அத்தை வசவு பாடும்போது மாமா, "படியல, அதுதான் ஊட்டுக்கு வந்துருச்சு" என்பாராம். அத்தை போய்ச் சேர்ந்தாகிவிட்டது. வசவு பாட யாருமில்லை. போன வாரம் இங்கே பல் டாக்டர் இவர் வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தார், சொத்தைப் பல்லிலிருந்து கிருமி போய்ப் புது வால்வில் உட்கார்ந்துகொள்ளுமாம், இரண்டைப் பிடுங்கியும் விட்டார். வாயில் பஞ்சோடு வெளியே வந்து மாமா என்னிடம் சொன்னார்: "எத்தன மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாத்திருப்பனுங்க மாப்ளே, இன்னைக்கு என்னயப் புடிச்சுப் பாத்துட்டான்." அன்றைக்குச் சிரித்தோம். மாடு, மாடு, எதை நினைத்தாலும் அங்கேயே வந்து முட்டுகிறது.

விலாவில் ஒரு தழும்பு இருக்கிறது, நீளமாக, பழையது, கொம்பு கிழித்தது. அதற்கு மேல் ட்ரிம்மரை மெதுவாக ஓட்டுகிறேன். இது எந்த மாடு என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை, கேட்டால் பேச்சு ஒருதடவை அவர் விற்ற சாம்பல் மயிலைக் காளைக்குப் போய்விடும் என்று பயம். இவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை, சிந்தாமணி சொல்லித்தான் தெரியும். அடிமாட்டுக்கு விற்பதில்லை என்று இவருக்கு ஒரு வைராக்கியம். ஏருக்கு, வண்டிக்கு, இனத்துக்கு என்றால்தான் துண்டைப் போடுவார். ஒருத்தன் வந்தான், உழவுக்கு என்றான், தன் நிலத்தைப் பற்றிச் சொன்னான், மண்ணின் நிறம் உட்படச் சொன்னான். கை அழுத்தியாயிற்று. பொழுது இறங்கும்போது இவர் வீட்டுக்கு வருகிற வழியில் டீக்கடை ஓரம் லாரி நிற்கிறது, உள்ளே கழுத்தோடு கழுத்தைச் சேர்த்துக் கட்டின மாடுகள், நடுவில் அந்த மயிலை. இவரைப் பார்த்ததும் கத்தியதாம். ஓடிப்போய்க் காசைத் திருப்பித் தருகிறேன், மேலே போட்டுத் தருகிறேன், இறக்கிவிடு என்று கெஞ்சியிருக்கிறார். அவன் டீயைக் குடித்துக்கொண்டே, "கை அழுத்தியாச்சு கவுண்டரே, படிஞ்சது படிஞ்சதுதான், உங்க வாயில வந்த பேச்சுத்தானே" என்றானாம். லாரி போகிற வரைக்கும் ரோட்டிலேயே நின்றிருக்கிறார். அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்குக் கட்டுத்தறியில் பொங்கல் வைக்கவில்லை. சந்தைக்குப் போவதையும் வெகுநாள் விட்டுவிட்டார். அப்படிப்பட்டவருடைய நெஞ்சைத் திறந்து, அதே மாதிரி ஏதோ ஒரு லாரியில் போன ஏதோ ஒரு மாட்டின் நெஞ்சிலிருந்து உரித்ததை வைத்துத் தைக்கப்போகிறார்கள், நான் ரப்பர் என்று சொல்லியிருக்கிறேன். உழவுக்கு என்று அவன் சொன்னதும் இதுவும் ஒன்றுதானே. அவன் காசுக்குச் சொன்னான், நான் உயிருக்குச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பாதி வழியில் அது நின்றுவிடுகிறது. சொன்னால் எழுந்துபோய்விடுவார், போனால் செத்துப்போவார். சொல்லாவிட்டால் நான் டீக் குடிக்கிற லாரிக்காரன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதா என்று எத்தனையோ நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பயமும் கூடவே ஓடுகிறது. வேலை நடக்கும்போது இதயத்தை நிறுத்திவிடுவார்களாம். நாங்களும் மெயின் லைனை மூடிவிட்டுத்தான் வால்வு மாற்றுவோம். மூடுவதில் ஒன்றுமில்லை, திரும்பத் திறக்கும்போதுதான் பழைய குழாய் எங்காவது பிய்த்துக்கொள்ளும், நடுரோட்டில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், ஊர் ஜனம் என்னைத் தேடிக்கொண்டு வரும். இவர் வேண்டாமென்றுதான் சொன்னார். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறனுங்க என்றார். நான்தான் விடவில்லை. நான்தான் வண்டி வைத்துக் கூட்டிவந்தேன். இவர் உள்ளேயே போய்விட்டால் சிந்தாமணி என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

"அந்த ரப்பரு," என்கிறார் மாமா. துண்டை விலக்கிவிட்டு என்னைப் பார்க்கிறார். "நம்ம ஊரு வெயிலுக்கு வெடிச்சு கிடிச்சுப் போயிராதுங்களா மாப்ளே? பம்புசெட்டு வாசரு ரண்டு வெயிலுக்குத் தாங்கறதில்ல." கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறார். ராத்திரியெல்லாம் அதை யோசித்திருப்பார் போல. நான் தேடித் தேடிக் கொடுத்த பொய்யை இந்த மனிதர் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதற்கு வெயில் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார். என் கை நின்றுவிட்டது, ட்ரிம்மர் மட்டும் முரல்கிறது. அதை அணைத்தேன். அணைத்ததும் அறை அவ்வளவு நிசப்தமாகிவிட்டது, இனிமேல் பேசாமலிருக்க முடியாது. "ரப்பர் இல்லீங்க மாமா" என்றேன். "மாட்டுச் சவ்வு. மாட்டோட இதயத்து மேல இருக்கறது. அதுல தைச்சது. நான்தான் பொய் சொல்லிட்டனுங்க." சொல்லிவிட்டேன். சிந்தாமணி முகம் வந்து போகிறது. மாமா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன மாடுங்க?" என்றார். தெரியலீங்க. "காளையா, பசுவா?" தெரியலீங்க மாமா. "எத்தன பல்லு?" கேட்கலீங்க. "கேட்டிருக்கோணும்" என்றார். அப்புறம், "இதுக்குன்னே வெட்டுனாங்களா?" இல்லீங்க, எங்கியோ வெளிநாட்டுல கறிக்கு வெட்டறதுல இருந்து எடுக்கறதாமா, இல்லீன்னா குப்பைக்குப் போறதுதான்னு டாக்டர் சொன்னாரு. "லாரியிலதான் போயிருக்கும்" என்றார். எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சு பாதி மழித்தும் பாதி மழிக்காமலும் அறுப்பறுத்த காடு மாதிரி இருந்தது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, ட்ரிம்மரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, நிற்கிறது, மறுபடி விழுகிறது. மிச்சத்தை அவரே எடுத்துக்கொள்கிறாரா, அல்லது ஒட்டினதைக் கழுவிவிட்டுக் கிளம்பப் போகிறாரா தெரியவில்லை. உள்ளே அந்த மருந்துச் சோப்பு இருக்கிறது, தேய்த்துக் குளிக்கச் சொல்லி நர்ஸ் வைத்தது, அதன் வாசம் கதவுக்கடியில் வருகிறது. வாசம் வந்தால் நல்லதுதான், கிளம்புகிறவர் எதற்கு மருந்துச் சோப்புப் போட வேண்டும், ஆனால் இவர் கையில் கிடைத்ததைத் தேய்த்துக்கொள்கிறவர், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விரிப்பில் விழுந்த வெள்ளை முடியைக் கையால் கூட்டுகிறேன், கூட்டக் கூட்ட விரலில் ஒட்டுகிறது. விழுந்துவிடுவாரோ உள்ளே, மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறாமல். கதவைத் தட்டலாமா? மாமனார் குளிக்கிற கதவை மாப்பிள்ளை தட்டுவதாவது. அரை மணிக்கு முன்னால் அவர் நெஞ்சையே கையில் பிடித்திருந்தேன், இப்போது கதவைத் தட்டக் கூச்சமாக இருக்கிறது, மனுஷப் புத்தியை என்னவென்று சொல்வது. கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் வழித்து, குளித்த பிள்ளை மாதிரி நிற்கிறார், தழும்பு மட்டும் பளிச்சென்று தெரிகிறது. நேராக வந்து, "சட்டையக் குடுங்க மாப்ளே" என்றார். ஆஸ்பத்திரிக் கவுன் கட்டிலில் மடித்து இருக்கிறது, அதை அவர் பார்க்கவேயில்லை. ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். வேட்டியைக் கட்டினார், சட்டையைப் போட்டார், ஒவ்வொரு பித்தானாகப் போட்டார். ஆகிவிட்டது. சிந்தாமணி சொன்னபடியே ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு நானே கொண்டுபோய் விட வேண்டியதுதான், கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும். தப்புச் செய்துவிட்டேனா, செய்யவில்லையா, தெரியவில்லை, இருக்கிற ஒரு அப்பனையும் அவளிடமிருந்து நான் பறித்துவிட்டேன், அது மட்டும் தெரிகிறது.

நர்ஸ் தள்ளுவண்டியோடும் ஒரு ஊழியரோடும் வந்தாள். "என்ன தாத்தா, கல்யாணத்துக்குக் கிளம்பிட்டீங்களா? சட்டையக் கழட்டுங்க, கீழ கூப்பிட்டாச்சு" என்றாள். மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என் எதிரில். உட்கார்ந்தபடியே என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "சித்தெ பொறு அம்மணி. யாவாரம் பேசாம எப்படி? பேசாம வாங்குனா அது திருட்டு மாடு" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை, அவர் ஈரத் துண்டை உதறி என் வலது கையின் மேல் போடுகிற வரைக்கும். உள்ளே அவர் கை வந்தது, சில்லென்று. "மாட்டுக்காரன் இங்கில்ல. நீங்க அவனுக்காகப் பேசுங்க மாப்ளே. எத்தன வருசத்துக்குக் குடுக்கறீங்க?" முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், சந்தையில் திருப்பிக்கொள்கிற மாதிரியே. அவர் கையை முழுசாகப் பிடித்தேன், விட்டுவிட்டு மறுபடியும் முழுசாகப் பிடித்தேன், பத்து. டாக்டர் சொன்ன பத்து. "ஏனுங்க, இந்த வருசம் மழை எப்படி இருக்குமுங்க?" என்றார் வெளியே பார்த்தபடி. உள்ளே என் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் மட்டும் பிடித்தார். இரண்டு. இப்படி ஒரு வியாபாரத்தை எந்தச் சந்தையிலும் பார்த்திருக்க முடியாது, கொடுக்கிறவன் ஏற்றிக் கொடுக்கிறான், வாங்குகிறவர் குறைத்துக் கேட்கிறார். நான் மறுபடி பத்துப் பிடித்தேன். அவர் மறுபடி இரண்டு. "அடுத்தவன் மாட்டை ரொம்ப ஓட்டப்படாதுங்க" என்றார், அதையும் மழையைச் சொல்கிற குரலிலேயே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அவர் விரல்களை அப்படியே பிடித்துக்கொண்டேன். "மாப்ளைக்கு யாவாரம் சுத்தமாத் தெரியல" என்று சிரித்தார், பிடுங்கின பல்லின் இடம் தெரியச் சிரித்தார்.

அப்புறம் அவரே இடது கையால் பித்தானைக் கழற்றினார், வலது கையை என்னிடமிருந்து எடுக்காமல். ஊழியர் சட்டையை எங்கள் இரண்டு கை வழியாகவும் என் பக்கம் உருவிவிட்டுக் கவுனைப் போர்த்தினார், வண்டியில் ஏற்றினார், துண்டும் கையும் கூடவே வந்தன. நடைபாதையில் வண்டியோடு நானும் பக்கவாட்டில் நடக்கிறேன், லிஃப்டில் ஒடுங்கி நிற்கிறேன். துண்டுக்குள் அவர் மூன்று விரலுக்கு வந்திருக்கிறார், நான் பத்திலேயே நிற்கிறேன். தியேட்டர் கதவு பச்சையாக இருக்கிறது. "இதுக்கு மேல நீங்க வரக்கூடாது, துணியும் உள்ள போகக்கூடாது, கையை விடுங்க" என்கிறாள் நர்ஸ். இனி அழுத்த வேண்டும். பேச்சு முடிகிற இடம் இதுதான். மூன்றானாலும் சரி என்று நான் உள்ளங்கையை விரித்து அவர் உள்ளங்கையைத் தேடினேன், மூன்று வருஷமாவது எழுதிக் கொடுத்த மாதிரி கிடைக்கட்டும் என்று. அவர் கையை மூடிக்கொண்டார். உள்ளங்கையைக் கொடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கையை உருவிக்கொண்டு என்னைப் பார்த்து, "படியலீங்க மாப்ளே" என்றார். வண்டி உள்ளே போயிற்று, கதவு சாத்திக்கொண்டது. நான் காற்றில் கையை நீட்டிக்கொண்டு, கை மேல் ஈரத் துண்டோடு, ஒப்புக்கொள்ளாமல் போய்விட்டாரே, என்னை மன்னிக்கவில்லையே என்று நின்றுகொண்டிருக்கிறேன்.

சிந்தாமணி படியேறி ஓடி வந்தாள், மூச்சு வாங்க. கதவைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். "உள்ள போயிட்டாருங்களா?" போயிட்டாரு என்றேன். "சொல்லலீல்ல?" சொல்லிட்டேன் சிந்தாமணி. எல்லாம் சொல்லிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "கேட்டுட்டுமா உள்ள போனாரு?" ஆமா, யாவாரம் பேசிட்டுப் போனாரு, துண்டு போட்டு, வருசத்துக்கு. நான் பத்துன்னேன், அவரு மூணு வரைக்கும் வந்தாரு. "படிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள், தரகர் மகள், அதைத்தான் முதலில் கேட்பாள். இல்லை என்று தலையாட்டினேன், கடைசியில கை குடுக்கமாட்டேன்னுட்டாரு, படியலீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. "படியலீன்னு எங்கப்பனே சொன்னாருங்களா? அவரு வாயால?" ஆமாம். "அப்ப ஊட்டுக்கு வந்துருவாரு" என்றாள். என் கை மேலிருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அங்கே கிடந்த இரும்பு பெஞ்சில் காலை மடக்கி, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.